ஒரு பூ, ஒரு தலை

மின்சாரப் பானையின் சுவிட்சுக் குமிழ் 'டக்' என்று மேலே எழும்பும் வரை யூசெங் வேறு எதுவும் செய்வதில்லை. அடுப்படியில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பானையின் மூடி லேசாகத் துள்ளும். ஓரத்தில் வெள்ளையாக ஆவி கசியும். இஞ்சியும் வெங்காயத்தாளும் கலந்த மணம் முதலில் வரும். பிறகு மீன். கடைசியில் சோறு. ஜன்னல் கண்ணாடி மெல்ல மெல்லப் பால் நிறத்துக்கு மாறும். அப்போது அந்தக் கண்ணாடியில் ஒரு முகம் தெரியும்.

வட்ட முகம். கண்ணுக்கு இரண்டு புள்ளி. வாய் ஒரு பக்கம் கோணல். மீன் கழுவிய விரலால் மனைவி பெய்யுன் எப்போதோ கிறுக்கியது. ஆவி படிந்தால் வரும், பானை ஆறினால் போய்விடும். அந்தக் கண்ணாடியை மட்டும் அவன் துடைப்பதில்லை.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கீலூங் ஊரில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள் எல்லாம் நனைந்து, கீழே துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது தாங்களும் கிளம்பிவிடப் போவதுபோல நின்றன. யூசெங்குக்குத் துறைமுகத்தில்தான் வேலை. எந்தக் கப்பல் எப்போது வரும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. நாள் முழுவதும் பார்த்துவிட்டு வந்தாலும், மாலையில் ஊதல் கேட்டால் அது எங்கோ அவனுக்குச் சம்பந்தமில்லாத ஊரில் ஊதுவதுபோல இருக்கும்.

குமிழ் எழும்பியது. மூடியைத் திறந்தான். கிள்ளி வைத்திருந்த கீரையை மீனைச் சுற்றிப் போட்டு உடனே மூடினான். மிச்சச் சூட்டிலேயே கீரை வெந்துவிடும்.

எல்லாம் பெய்யுன் வகுத்த முறை. வெளிப்பானையில் ஒரு குவளைத் தண்ணீர். உள்பானையில் இரண்டு பேருக்கு அரிசி. அதற்கு மேலே துளைத்தட்டு. தட்டில் மீன், மீன்மேல் இஞ்சிக் கீற்று. எண்ணெய் கிடையாது. சோயா சாறு பேருக்கு ஒரு சொட்டு. கல்யாணமான புதிதில் அவர்களும் தெருவில் எல்லோரையும்போல மூன்று வேளையும் கடையில்தான் சாப்பிட்டார்கள். அலுவலகத்தில் நடந்த உடல் பரிசோதனையில் யூசெங்குக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று சொன்னார்கள். அன்று மாலையே பெய்யுன் பரணிலிருந்து இந்தப் பானையை இறக்கித் தூசி தட்டினாள்.

"இனிமே வீட்டுச் சாப்பாடுதான். ரெண்டு பேருக்கு ஒரே பானை. கழுவறதும் ஒரே பானை. கஷ்டமா என்ன?"

கஷ்டமாக இல்லை. சப்பென்று இருந்தது. அவன் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்று, மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, ரசித்துச் சாப்பிடுவதுபோல இருந்தது. அவன் முடித்து வெகுநேரம் ஆன பிறகும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

கோடையின் தொடக்கத்தில், அலுவலகத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, மூளையில் ஒரு நரம்பு வெடித்து அவள் போய்விட்டாள். கொதிப்பு அவனுக்கு. உப்பைக் குறைத்தது அவள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவன் யோசிக்கவும் இல்லை.

சோற்றையும் மீனையும் கீரையையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். மேசையில் அவள் படமும், தாளில் பெயர் எழுதி நிறுத்திய பலகையும் இருந்தன. தட்டை வைத்தான். சாப்பிடும் குச்சிகளைப் பக்கத்தில் படுக்க வைத்தான். ஒற்றை ஊதுவத்தி ஏற்றினான்.

காலையில் அவளுக்கு முகம் கழுவத் தண்ணீர், பல் தேய்க்க பிரஷ், அப்புறம் கஞ்சி. மாலையில் சோறு. நூறாம் நாள் வரைக்கும் இப்படி. ஊதுவத்தி எரிந்து முடியும் தறுவாயில் இரண்டு காசைக் கையில் குலுக்கி, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுக் கீழே போட வேண்டும். ஒரு பூ, ஒரு தலை விழுந்தால் ஆயிற்று, தட்டை எடுக்கலாம். இரண்டும் பூ என்றால் இன்னும் இல்லை. இரண்டும் தலை என்றால் சிரிக்கிறாள் என்று அர்த்தம், இன்னொரு முறை கேட்க வேண்டும். தட்டில் இருப்பதை வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும். வீட்டில் இருப்பது அவன் ஒருவன்தான். ஆறிப்போன சோற்றை அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவான். பானையில் இருக்கும் மீதிப் பாதி மறுநாள் மதியத்துக்கு.

பசி என்று ஒன்று அவனுக்கு வருவதில்லை. அவள் சாப்பிடுவதால் அவன் சாப்பிடுகிறான். நூறாம் நாளுக்குப் பிறகு தினச் சோறு கிடையாது. அமாவாசை, பௌர்ணமிக்கு மட்டும்தான். அது நெருங்க நெருங்க அவனுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: தனக்காக மட்டும் அவன் அந்தப் பானையை ஏற்றப் போவதில்லை. கண்ணாடியில் முகமும் வராது.

அதனால்தான் கொஞ்ச நாளாகக் கேள்வியை மாற்றியிருந்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. காசைக் குலுக்கும்போது உதட்டுக்குள், "இன்னும் கொஞ்சம் உட்கார்றியா?" என்று கேட்பான். ஒரு பூ, ஒரு தலை விழும். சரி என்கிறாள். அவன் எதிரில் உட்காருவான். மறுபடி கேட்பான். பெரும்பாலும் சரி என்பாள். மழை சத்தத்தில் அவள் மெல்லுகிற சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பான். இருக்காது. ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

"என்ன மாப்ள, சாப்பிட்டாளா அவ?"

வாசலுக்கு வெளியே, மாடிப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபடி மாமனார் தியம்சாய் கேட்டார்.

தினமும் அவர் வருவார். கோயில் சந்தில் அவருக்கு மீன் வடைக் கடை. அரைத்த மீனை உருட்டித் தட்டி எண்ணெயில் போட்டு எடுத்து, வெள்ளரி ஊறலும் இனிப்புச் சாறும் ஊற்றிக் கொடுப்பார். கடையைச் சாத்திவிட்டு, விற்காமல் போனதை ஒரு பையில் போட்டுக்கொண்டு இத்தனை படி ஏறி வந்து, படியிலேயே உட்கார்ந்துகொள்வார். உள்ளே வர மாட்டார். பெற்றவர்கள் பிள்ளைக்குப் படைக்கக் கூடாது. ஊதுவத்தி பிடிக்கக் கூடாது. அந்தப் பலகைக்கு எதிரில் நிற்கவே கூடாது. நின்றால் பெற்றவர்களுக்கு முந்திப் போன பாவம் பிள்ளையின் தலையில் இன்னும் ஏறும் என்பார்கள். பிணம் எடுத்த அன்று, முந்திப் போனதற்காகச் சவப்பெட்டியில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லி அவர் கையில் தடியைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். பெட்டியைத் தொடாமல், தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

"இன்னும் இல்ல மாமா."

"என்ன போட்ட?"

"மீன். கீரை. சோறு."

"உப்பு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா நாக்குக்குத் தெரியற மாதிரியா, இல்ல பேருக்கா?"

"பேருக்கு."

"அப்புறம் எப்படி இறங்கும்? என் கடைப் பூனை மோந்து பாத்துட்டுப் போயிரும்."

"உங்களுக்கும் டாக்டர் இதைத்தான் சாப்பிடச் சொன்னார்."

"டாக்டர் சொன்னார். அவர் வீட்டுக்கும் என் கடை வடைதான் போகுது."

தியம்சாயின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்புக்கு வெளியே சதை பிதுங்கியது. மனைவி போய்ப் பல வருடம். ராத்திரிச் சாப்பாடு என்றால் அவருக்கு அன்று விற்காமல் போனதுதான்.

கீழ் வீட்டு ஹுவா அக்கா காய்கறிப் பையோடு படியேறி வந்தாள். கோயில் காரியங்களுக்கு முன்னால் நிற்பவள். எந்தச் சடங்குக்கும் அந்தச் சரிவில் அவளைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

"யோவ் தியம்சாய், பெத்தவன் வாசல்ல உக்காந்து உப்பில்ல புளியில்லன்னு கத்துனா அவ எப்படிய்யா நிம்மதியா சாப்பிடுவா?"

"நான் உள்ளயா போனேன்? படியிலதானே உக்காந்திருக்கேன். படி என்ன உங்கப்பன் கட்டினதா?"

"ஆமா. எங்கப்பன்தான் இந்தப் படிக்கு சிமெண்ட் போட்டான். ஒதுங்கு."

அவர் ஒதுங்கினார். அவள் ஏறி வந்து கதவோரம் நின்றாள்.

"தம்பி, வர்ற வியாழக்கிழமை நூறாம் நாள். தெரியுமில்ல?"

"தெரியும்கா."

"அன்னிக்கு அவளுக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதைப் போடு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டாச்சான்னு கேட்டு, ஆச்சுன்னு வாங்கிரு. அதை வாங்காம விட்டேன்னு வை, பாவம், மேசையை விட்டு எந்திரிக்கவும் முடியாம, போகவும் முடியாம அங்கயே உக்காந்திருப்பா. போறவளை உக்கார வைக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது."

புரிந்தது. ஆனால் பெய்யுன் அங்கேயே உட்கார்ந்திருப்பாள் என்று ஹுவா அக்கா சொன்னது அவன் காதில் பயமாக விழவில்லை.

அவள் இறங்கிப் போனதும் அவன் கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்தான். உள்ளே பெய்யுன் படம். வெளியே அவர் முதுகு. நடுவில் அவன்.

"மாமா."

"சொல்லு."

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

தியம்சாய் திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே கண் போய்விடாமல் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கு மாப்ள. கூட உக்காந்து வருஷக்கணக்கா தின்னது நீ. என்னைக் கேக்குற."

"அவ சமைச்சது எல்லாம் எனக்காக. என் கொதிப்புக்கு, என் ஈரலுக்கு. அவளுக்கு எது பிடிக்கும்னு நான் கேட்டதில்ல."

படியின் இடுக்கில் மழைத்தண்ணீர் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"வடை," என்றார் தியம்சாய்.

"எந்த வடை?"

"வேற எந்த வடை? என் வடைதான். எண்ணெயில இருந்து எடுத்ததும் வேணும் அவளுக்கு. ஊதிக்கிட்டே திம்பா. அதுவும் அந்த ஓரத்துல கருகின மாதிரி மொறுமொறுன்னு இருக்குமே, அது."

"சின்ன வயசுலயா?"

"சின்ன வயசுல என்ன, இந்த வருஷம் வரைக்கும்தான். வேலை விட்டு வர்ற வழியில கடைக்குப் பின்னால வந்து நிப்பா. குடையைக்கூட மடக்க மாட்டா. ஒண்ணு, ரெண்டு, சில நாளு நாலு. தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு, 'அப்பா, அவர்கிட்ட சொல்லிறாதீங்க'ம்பா."

 தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்த முள்கள் அவன் கண்முன் வந்தன. வெகுநேரம் மென்றது ரசித்து அல்ல. வயிற்றில் இடமில்லாமல்.

அவன் வாய் தானாகக் கோணியது. சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. உதடு அந்தப் பக்கம் அசைந்து நாளாகியிருந்தது.

"நானும்தான் மாமா," என்றான்.

"என்ன நீயும்தான்?"

"பாலத்தடியில கோழி பொரிக்கிறவன் கடையில. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

"தெரியும்."

"தெரியுமா?"

"கோழிக்காரன் எனக்குத்தானே எண்ணெய் வாங்கித் தர்றான். 'உங்க மாப்ள வந்தாரு, மிளகாப்பொடி கூடப் போடச் சொன்னாரு'ன்னு சொல்லுவான்."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"அவ சொல்லாதேன்னா. நீ சொல்லாதேன்னு சொல்லலை, ஆனா சொல்லுன்னும் சொல்லலையே. கிழவன் வாயில ரெண்டு பேர் ரகசியம். ரெண்டு பக்கமும் கன்னம் வீங்கிக் கிடந்தேன் போ."

இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் உப்பில்லாத மீனைத் தின்றிருக்கிறார்கள். அத்தனை மாலைகளும். அவன் உள்ளே போய்ப் படத்தைப் பார்த்தான். அவள் எப்போதும்போல இருந்தாள். வாய் கொஞ்சம் கோணலாக இருந்ததோ என்னவோ.

*

வியாழக்கிழமை அவன் விடுப்பு எடுத்தான். காலைக் கஞ்சி முடிந்தது. வெளியே போக வேலை ஒன்றுமில்லை. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தான். மழை கூரைத் தகரத்தில் ஒரே மாதிரி விழுந்தது. எப்போது கண் மூடினான் என்று தெரியவில்லை.

பெய்யுன் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவள் கிண்ணத்தில் சோறு இருந்தது. அவள் எடுத்து வாயில் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். கிண்ணத்தில் சோறு குறையவில்லை. அவன் கரண்டியால் இன்னும் வைத்தான். அவள் போதும் என்று கிண்ணத்தின்மேல் கையை விரித்துக் குறுக்கே வைத்தாள். அவன் கையைச் சுற்றி வைத்தான். அவள் கோபப்படவில்லை. கல்யாண வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்ற பிறகும் பரிமாறுகிறவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் எடுத்து வாயில் வைத்தாள். அவள் கன்னங்கள் உப்பியிருந்தன. ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக்கு வெகு அருகில், ஒரு கப்பல் மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டுச் சுவர் முடியவே இல்லை. அவள் அதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

ஊதல் சத்தத்தில் விழித்தான். மாலை ஆகியிருந்தது. கழுத்து வலித்தது.

எழுந்து அரிசி கழுவினான். இரண்டு பேருக்கு. கை தானாக அளந்தது. மீனைத் துடைத்து இஞ்சி நறுக்கினான். குவளைத் தண்ணீரை ஊற்றிக் குமிழை அழுத்தினான். கண்ணாடி வெளுத்தது. முகம் வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இன்றைக்குப் பிறகு இது வராது என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்து, ஈரத்துணிபோல அங்கேயே கிடந்தது.

தியம்சாய் அன்று சீக்கிரம் வந்துவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூச்சு வாங்க, சட்டைக்குள் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துக் கதவுக்குள் கையை மட்டும் நீட்டினார். பொட்டலம் சுட்டது.

"கடைசி ஈடு. ஓரம் கருக விட்டிருக்கேன். ஓடு, ஆறிடப் போகுது."

யூசெங் வாங்கவில்லை.

"மாமா, நீங்க கொடுத்து நான் வெச்சா அது நீங்க படைச்ச மாதிரி ஆகாதா?"

தியம்சாய் யோசித்தார். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தார். படியில் நின்று அந்தப் பொட்டலத்தையே பார்த்தார். தன் கடையிலிருந்து இவ்வளவு தூரம் நெஞ்சோடு ஒட்டிக் கொண்டுவந்தது.

"அந்த ஹுவாவைக் கேப்பமா?"

"அவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப கேக்க வேண்டாம்." சட்டென்று அவர் முகம் தெளிந்தது. "நான் எங்க கொடுக்கிறேன்? வித்தா? வடைக்காரன் வடை விக்கிறேன். வாங்கினவன் யாருக்கு வைக்கிறானோ அது அவன் பாடு. எடு காசு."

யூசெங் பணப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். தியம்சாய் அதை வெளிச்சத்தில் பிடித்து, கள்ளத் தாளா என்று பார்ப்பதுபோல ஒரு பாவனை செய்துவிட்டு, பையில் துழாவி இரண்டு காசைச் சில்லறையாகக் கொடுத்தார்.

"இனிப்புச் சாறு தனியா கட்டியிருக்கு சார். மறுபடி வாங்க சார்."

காசு இரண்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தன. யூசெங் அவற்றைக் கையில் மூடிக்கொண்டு உள்ளே போனான்.

சோறு, மீன், கீரை. பக்கத்தில் வடை, வெள்ளரி. ஊதுவத்தி ஏற்றினான். வடையின் மணம் கூடம் முழுக்கப் பரவியது. அந்த வீட்டில் எண்ணெய் மணம் அடித்து எவ்வளவு காலம் ஆயிற்று. அவன் உட்கார்ந்தான். ஊதுவத்தியின் சாம்பல் வளைந்து வளைந்து விழாமல் நின்றது. பிறகு விழுந்தது.

கையில் இருந்த காசுகளைக் குலுக்கினான்.

"இன்னும் கொஞ்சம் உட்கார்றியா?"

ஒரு பூ, ஒரு தலை.

மழை பெய்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மறுபடி எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம்?"

ஒரு பூ, ஒரு தலை.

"மாப்ள."

கதவுக்கு வெளியே தியம்சாயின் குரல். 

"நீ என்ன கேக்குற அவகிட்ட?"

"சாப்பிட்டாச்சான்னு."

"எனக்குக் கால்தான் வீங்கியிருக்கு. காது நல்லாத்தான் இருக்கு."

யூசெங் காசுகளைப் பார்த்தான். ஒன்றின் ஓரத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளா இப்படிக் கேக்குற?"

"கொஞ்ச நாளா."

திட்டுவார் என்று நினைத்தான். அவர் திட்டவில்லை. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. சிகரெட்டைப் பற்ற வைக்காமலே அணைந்த மாதிரி இருந்தது.

"சின்னப்புள்ளையில பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நானும் இப்படித்தான். 'இன்னொண்ணு தின்னுட்டுப் போ, இது இப்பத்தான் எடுத்தேன், இது வேற ருசி'ம்பேன். அவ நின்னு திம்பா. தினம் லேட்டு. டீச்சர் வாசல்ல நிக்க வைப்பாங்க. ஒரு நாளு கூட வேண்டாம்னு சொல்லல. அது அவளுக்கு வராது மாப்ள. கேட்டா இருப்பா. நாம கேக்குறதை நிறுத்துனாத்தான் உண்டு."

யூசெங்குக்குக் கனவில் கிண்ணத்தின்மேல் விரித்து வைத்த கை தெரிந்தது. உப்பிய கன்னம் தெரிந்தது. அந்தக் கப்பல் இன்னும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். அதன் சுவர் முடிந்திருக்காது.

"நான் நிறுத்திட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல மாமா," என்றான். "நாளைக்குச் சமைக்க யாரும் இல்ல."

 ஊதுவத்தியின் சிவப்புப் பொட்டு அடிக்குச்சியை நெருங்கியது.

அவன் நேராக உட்கார்ந்தான். முறைப்படி கேட்டான். வீட்டு விலாசத்தைச் சொன்னான். தன் பெயரைச் சொன்னான். அவள் பெயரைச் சொன்னான். வாய்விட்டு அவள் பெயரைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

"பெய்யுன், சாப்பிட்டாச்சா?"

காசுகள் தரையில் விழுந்து சுழன்றன. ஒன்று முதலில் படுத்தது. மற்றது மேசைக்கால் வரை உருண்டு போய், தயங்கி, சாய்ந்தது. இரண்டும் தலை.

"என்ன சொல்றா?"

"சிரிக்கிறா."

"எதுக்காம்?"

"மகளுக்கு வெச்ச வடைக்குக் காசு வாங்கினீங்களே, அதுக்கா இருக்கும்."

வெளியே ஒரு சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "மறுபடி கேளு, மறுபடி கேளு," என்றார் அவர்.

அவன் மறுபடி கேட்டான். அதே கேள்வி. காசுகள் இந்த முறை சுழலவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தன.

ஒரு பூ. ஒரு தலை.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆச்சு மாமா."

"ஆச்சா."

"ஆச்சு."

ஊதுவத்தி அணைந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒன்று நீளமாக ஊதிவிட்டுப் போனது. இந்த நேரத்தில் எந்தக் கப்பல் கிளம்பும் என்று அவனுக்குத் தெரியும். நினைத்துப் பார்க்கவில்லை.

தட்டை எடுத்தான். மீன் ஆறியிருந்தது. அடுப்படிக்குத் திரும்பியவன் நின்றான். வாசல் பக்கம் போனான். தியம்சாய் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வடைப் பை இல்லை. இன்று எல்லாவற்றையும் அவளுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"பாத்துக்கலாம்."

"பானையில ஒரு ஆளுக்கு இருக்கு. உள்ள வாங்க."

"கூடத்தைத் தாண்டித்தானே போகணும். அவ எதிர்ல நான் எப்படி?"

 தியம்சாய் தன் குடையைப் பார்த்தார். எழுந்தார். வாசற்படியில் நின்று அதை விரித்தார். மேசை இருக்கும் பக்கமாகச் சாய்த்து, முகத்தையும் தோளையும் அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வீங்கிய காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உள்ளே வந்தார். குடையிலிருந்து தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"வீட்டுக்குள்ள குடையை விரிச்சா செத்தவங்க வந்துருவாங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க மாமா."

"வரட்டும்," என்றார் தியம்சாய் குடைக்குப் பின்னாலிருந்து.

மேசையைக் கடக்கும்போது மட்டும் அவர் நடை இன்னும் மெதுவானது. குடை லேசாக ஆடியது. நின்றுவிடுவாரோ என்று யூசெங் பார்த்தான். நிற்கவில்லை. அடுப்படிக்குள் வந்த பிறகுதான் குடையை மடக்கினார்.

யூசெங் தட்டில் இருந்ததையும் பானைக்குள் வைத்தான். வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. இன்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குமிழை அழுத்தினான். வடையை மட்டும் வெளியே வைத்தான். இரண்டு கிண்ணம், இரண்டு ஜோடிக் குச்சி. அடுப்படிச் சின்ன மேசைக்கு ஒற்றை நாற்காலிதான் இருந்தது. கூடத்திலிருந்து இன்னொன்றைத் தூக்கி வந்தான்.

தியம்சாய் பானையை மோந்து பார்த்தார்.

"இஞ்சி நல்லாத்தான் போட்டிருக்க. உப்பு?"

"பேருக்கு."

"பேருக்கு," என்று அவர் தலையை ஆட்டினார். "ஒரு வடை எனக்கு."

"பாதி."

"எனக்கே பாதியா? செஞ்சவன் நான்."

"நீங்க வித்துட்டீங்க."

பானையின் மூடி துள்ளத் தொடங்கியது. ஆவி கிளம்பி ஜன்னலில் ஏறியது. தியம்சாய் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே இருந்தார்.

கண்ணாடியில் வட்ட முகம் வந்திருந்தது. இரண்டு புள்ளி. கோணல் வாய்.

"இது யாரு போட்டது?"

"அவதான்."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். தொடவில்லை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். மூன்று மாதமாக முதுகைக் காட்டியபடி படியில் உட்கார்ந்திருந்த மனிதர். பலகைக்கு எதிரில்தான் நிற்கக் கூடாது. கண்ணாடியைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் எதுவும் சொல்லவில்லை. அவர் வெகுநேரம் நின்றார். 

குமிழ் எழும்பியது. யூசெங் இரண்டு கிண்ணத்திலும் சோறு போட்டான். ஆவி அடங்கத் தொடங்கியது. முகத்தின் ஓரம் ஒரு பக்கமாகக் கரைந்தது. பிறகு ஒரு கண். அப்புறம் ஜன்னலில் மழையும் எதிர்மலையின் விளக்குகளும் மட்டும் இருந்தன.

"நாளைக்கும் வருமா?" என்று திரும்பாமலே கேட்டார் தியம்சாய்.

"பானை வெச்சா வரும்."

"அப்ப வை."

அவர் வந்து உட்கார்ந்தார். மீனில் ஒரு வாய் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். முகம் சுளித்தது. முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

யூசெங் வடையைப் பாதியாகப் பிய்த்தான். ஓரம் இன்னும் மொறுமொறுவென்றிருந்தது.